மெயினருவியில் தடை

எனக்குத் தெரிந்து தென்காசியில் பின்பால் மிஷின் இருந்த ஒரே வீடு என் நண்பனுடையது. கடையில் வாங்கியதல்ல, அவனே செய்தது. கரண்ட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மறுநாளே ஒட்டுப்பலகை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். கட்டில் ஸ்பிரிங், காலிங் பெல் காயில், சைக்கிள் மணி, லாரிப் பட்டறையில் கேட்டு வாங்கிய பேரிங் குண்டு, கோயில் கொடைக்குப் போடுகிற சீரியல் பல்பு. எல்லாவற்றையும் ஒரு சாய்ந்த மேஜையில் பொருத்திக் கண்ணாடி போட்டு மூடினான். ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே ஓடும். அங்கங்கே மோதி மணியடித்துவிட்டுக் கீழே வரும். பட்டனை அழுத்தி, இரண்டு மரக் கைகளால் அதைத் திரும்ப மேலே தட்ட வேண்டும். அவ்வளவுதான். இதற்காக அறுபதைத் தாண்டிய இரண்டு பேர் தினமும் சண்டை போட்டோம் என்றால் நம்ப மாட்டீர்கள்.

மேஜையில் அவன் வரைந்திருந்தது குற்றாலம். ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றாலம் எல்லாம் ஓரங்களில் சின்னக் குழிகள். அவற்றில் விழுந்தால் குண்டு திரும்பி வரும், ஆட்டம் தொடரும். நடு உச்சியில் மெயினருவி. அதில் விழுந்தால் போட்டவன் ஜெயித்தான், அன்றைய ஆட்டம் முடிந்தது. சட்டம் போட்டது அவன்தான்.

ஆறு வருஷம் விளையாடினோம். ஒரு ஆட்டம்கூட முடியவில்லை.

காரணம், தடை. வெள்ளம் வந்தால் குற்றாலத்தில் குளிக்க விடமாட்டார்கள் அல்லவா? அதே மாதிரி மெயினருவிக் குழிக்கு முன்னால் ஒரு தகரக் கதவு வைத்திருந்தான். குண்டு வாசலுக்குப் போகிற நேரம் பார்த்து டக்கென்று கதவு எழும்பும், சிவப்பு பல்பு எரியும். எனக்கு மட்டுமில்லை, அவன் குண்டுக்கும் அதே கதிதான். அதனால் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"எப்படிலே தானா மூடுது?" என்று கேட்டேன்.

"மலைக்காத்துல ஈரம் கூடிச்சுன்னா மிஷினே தடை போட்டுரும்லே. உள்ள ஒரு சாமான் வச்சிருக்கேன்."

நம்பினேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் பாட்டுப் பாடுகிற கருவியை என் மொட்டை மாடியில் மாட்டிக் கொடுத்தவன் அவன். இது அவனுக்கு எம்மாத்திரம்? ஆனால் சித்திரை வெயிலிலும் தடை விழுந்தது. ஒருநாள் பொறுக்காமல், குற்றாலத்தில் பழக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஃபோன் போட்டு, அதை நண்பன் காதிலேயே வைத்தேன். "இங்கன வெறும் பாறைதான் தெரியுது அண்ணாச்சி, தடைக்கு என்ன வேல?" என்றார் அவர். இவன் அசரவே இல்லை. "மலை மேல மழை பெய்யுது. கீழ இருக்கவருக்கு எப்படித் தெரியும்?" என்றான். மேற்கு ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். மேஜைக்கு நேராக ஃபேனை ஓடவிட்டுப் பார்த்தேன். எனக்குத் தோற்பது பிடிக்காது. ஜெயிக்கவும் விடாமல் தோற்கவும் விடாமல் இழுத்தடிப்பது அதைவிடப் பிடிக்காது.

ராத்திரி எட்டு மணிக்கு அவன் மனைவி தோசைக்கல்லை அடுப்பில் போடுவார். கறுவிக்கொண்டே நாலு தோசை தின்றுவிட்டுக் கிளம்புவேன். அவன் மிஷின் செய்த வருஷம்தான் என் மனைவி தவறினாள். மகன் பெங்களூரில். வீட்டில் நானும் டிவியும்தான்.

போன வருஷம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை.

முதல் வருஷத் திதிக்கு வருகிறவர்கள் மூஞ்சியைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டாம், சாப்பிட்டதும் ஆளுக்கு ஒரு குண்டு விளையாடிவிட்டுப் போகட்டும் என்று அவன் மனைவி மிஷினைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டுவிட்டார். யாரோ பக்தி முற்றிப்போய், ஆயுத பூஜை மாதிரி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டிருந்தார்கள். சிவகிரியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் ஸ்பிரிங்கைத் தொட்டார். ஒருத்தர் குண்டும் பாதி மலைகூட ஏறவில்லை.

எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு நான் ஆடினேன். வெளியே நல்ல சாரல், ஈரமென்றால் அப்படியொரு ஈரம். தடை நிச்சயம் என்று நினைத்துத்தான் ஸ்பிரிங்கை இழுத்தேன். குண்டு ஏறி, ஐந்தருவியில் விழுந்து திரும்பி வந்தது. இடது கையால் ஒரு தட்டு. நேரே மெயினருவிக்கு ஓடி உள்ளே விழுந்தது. கதவு எழும்பவே இல்லை. மணிகள் எல்லாம் மொத்தமாக அடித்தன, பல்புகள் எல்லாம் எரிந்து அணைந்தன. அப்போது மணி மூன்றேமுக்கால்தான்.

ஜெயித்துவிட்டேன். சொல்லி வெறுப்பேற்ற ஆளில்லை. வீட்டுக்குப் போவதைத் தவிர வேறு வேலையும் இல்லை.

"ஈரம் பாக்குற சாமான் கெட்டுப்போச்சு போல" என்றேன் அவன் மனைவியிடம். அவர் சிரித்தார். மிஷின் பக்கத்தில் அவன் எப்போதும் உட்காரும் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லி, மேஜைக்கு அடியில் கையைக் காட்டினார். தூண்டில் நரம்பு ஒன்று தொங்கியது. அதன் முனையில் முழங்காலில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம்.

"அவுக காலை ஆட்டுனா கதவு மூடும் அண்ணாச்சி. வேற ஒண்ணும் கெடையாது."

ஆறு வருஷம்! "களவாணிப்பய" என்று அவன் போட்டோவைப் பார்த்தே சொன்னேன். "என்னத்துக்கு இப்படிச் செஞ்சான்?"

"ஆட்டம் முடிஞ்சா நீங்க வீட்டுக்குப் போயிருவீகளாம். போயி ஒண்ணும் சாப்பிடாம படுத்துருவீகளாம்."

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அழுதுவிட்டேன். அவர் பார்க்கட்டும் என்று கண்ணைக்கூட மறைக்கவில்லை. அவர் மிஷினிலிருந்து மாலையைக் கழற்றிப் போட்டோவுக்குப் போட்டார்.

பிறகு அந்த வளையத்தை என் முழங்காலில் மாட்டிக்கொண்டு ஸ்பிரிங்கை இழுத்தேன். குண்டு ஏறியது, இறங்கியது, தட்டினேன். இந்தத் தடவையும் குறி தப்பவில்லை. மெயினருவி வாசலுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது காலை ஆட்டினேன். சிவப்பு பல்பு எரிந்தது.

"ஆட்டம் முடியல" என்றேன் அவரிடம். "நாளைக்கும் வருதேன்."