ரேடியோவுக்கு வைத்த தகடு

என் வீட்டுக்காரர் யுகேந்திரனுக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்கும் சேர்த்து நான்தான் பட வேண்டியிருக்கிறது.

ரவாங்கில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு கார் வயரிங் பழகினார். இப்போது மேருவில் எங்கள் வீட்டு முன்வாசலிலேயே தொழில். ரேடியோ, ஸ்பீக்கர், அலாரம் எல்லாம் பார்ப்பார். வருகிறவர்கள் சாவியை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சீட்டுக்கு அடியில் அவர் என்ன செய்கிறார் என்று ஒருத்தரும் எட்டிப் பார்த்ததில்லை. "யுகேன் அண்ணே தொட்டா சரியா இருக்கும்" என்பார்கள். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஒரு பேச்சினால்தான். நம்மவர்கள் காராக இருந்தால், வேலை முடித்து மூடுவதற்கு முன் உள்ளே ஒரு பொட்டுக் குங்குமம் வைப்பார். அது அவர் பழக்கம்.

என் தங்கை தாமரை பண்டமாரானில் இருக்கிறாள். அவள் புருஷன் பிரவினுக்கு லோரி கம்பெனி. எனக்கு இளையவள், ஆனால் எல்லாம் எனக்கு முன்னால் அவளுக்குத்தான். முதலில் மாடி வீடு, அப்புறம் வைர மூக்குத்தி. போதாக்குறைக்குச் சிவப்பு நிறத்தில் பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று. அதில் இரண்டே பேர்தான் உட்காரலாம். அக்காளை ஏற்றிக்கொள்ள வேண்டி வந்துவிடுமே என்றுதான் அப்படிப் பார்த்து வாங்கினாள், வேறென்ன!

கிள்ளான் கோயிலில் பூஜை போட்டார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். பழம் அங்கே நசுங்கியது, எனக்கு இங்கே வயிறு பற்றி எரிந்தது.

"எப்படிக்கா இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு லா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

சாமி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அந்தக் காரில் ரேடியோ எடுக்கவில்லை. காலையில் தமிழ் ஒலிபரப்பைப் போட்டால், அறிவிப்பாளர் வடைச் சட்டிக்குள் நின்று பேசுவது போல ஒரே இரைச்சலாம். ஏரியலை மாற்றிப் பார்த்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு கடையில் பூஸ்டர் மாட்டினார்கள், இரைச்சல்தான் பெரிதாயிற்று. சேதி கேட்ட அன்று நான் இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டேன்.

கடைசியில் பிரவின் எங்கள் வாசலில் வந்து நின்றான். இவர் காரின் முதுகில் விரலால் தட்டிப் பார்த்தார்.

"இரும்பு இல்ல தம்பி, ஃபைபர். ஏரியலுக்கு அடியில இரும்பு இருந்தாத்தான் நல்லா இழுக்கும். இதுல அதுக்குக் கால் ஊன எடமே இல்ல. நீ உள்ள போய் டீ குடி, நான் பாத்துக்கிறேன்."

நான் இவரைத் தனியே இழுத்து, "அந்த ஒரு கொறையாவது இருந்துட்டுப் போவட்டுமே, ஒங்களுக்கு என்ன?" என்றேன்.

"பாட்டு கேக்கலன்னா அது ஒரு காடியா கலா?" என்று சிரித்தார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

தட்டு அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு எடுத்தார். ஆணியால் கட்டம் கட்டமாகக் கீறி அளவு பார்த்து வெட்டினார். நடுவில் ஏரியலுக்கு ஓட்டை போட்டார். பின்மூடியின் உள்பக்கம் ஏரியலுக்கு அடியில் அதை ஒட்டி, அதிலிருந்து ஒரு கறுப்பு வயரைக் கீழே காரின் இரும்புச் சட்டத்தில் முடுக்கினார். குங்குமம் வைத்தார். மேலே துணியைப் போட்டு மூடினார். ரேடியோ கணீரென்று பாடியது. பிரவின் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

தீபாவளி முடிந்த கையோடு, மீன் வாங்கப் போய்ப் பாசார் வாசலில் நிறுத்தியிருந்த அந்தக் காரின் பின்மூலையில் யாரோ வேனை விட்டு இடித்துவிட்டார்கள். ஃபைபர் நசுங்காது, உடையும். ஒட்டுப்போட எடுத்துப்போன இடத்தில் துணியைப் பிரித்த ஆள் தகட்டைப் பார்த்துவிட்டான். செம்பு, கட்டம், நடுவில் ஓட்டை, குங்குமம், கறுப்பாக ஒரு வயர். பத்தாததற்குக் காரும் அடிபட்டிருக்கிறது. "அக்கா, இது செய்வினைத் தகடு. யாரோ ஒங்களுக்கு வச்சிருக்காங்க" என்று தாமரையிடம் அலறியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை. வாசல் நிறைய ஆட்கள். தாமரை அந்தச் சிவப்புக் காரை விட்டு இறங்கினாள், கூடவே பிரவின். வேப்பிலையில் சுற்றி வைத்திருந்த தகட்டை எங்கள் வாசலில் விட்டெறிந்தாள்.

"இது இந்த வீட்டு வேலதானே? எங்க குடியக் கெடுக்கத்தானே வச்சீங்க?"

மேசைமேல் கிடந்த தன் சாவியை ஒருத்தர் மெல்ல எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். செய்வினை வைக்கிறவன் என்று பெயர் வந்துவிட்டால், இனிமேல் எவன் இவரை நம்பிக் காரைத் திறந்துவிடுவான்?

இவர் சத்தம் போடவில்லை. தகட்டை வெறுங்கையால் எடுத்தார்.

"ஐயோ மாமா, தொடாதீங்க!" என்று தாமரை கத்தினாள்.

"தம்பி, ரேடியோவப் போடு" என்றார்.

பிரவின் போட்டான். ஒரே இரைச்சல். இவர் தகட்டைப் பழைய இடத்திலேயே டேப் வைத்து ஒட்டி வயரை முடுக்கினார். ஃபெடரல் ஹைவேயில் நெரிசல் என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்னாள். வயரைக் கழற்றினார், இரைச்சல். மறுபடி முடுக்கினார், பாட்டு.

"நான் வச்ச செய்வினை இதுதான் தாமரை."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த ஆள் சாவியை எடுத்துத் திரும்ப மேசைமேல் வைத்தார். பிரவின் தலையைத் தொங்கப்போட்டு, "மன்னிச்சிருங்கண்ணே" என்றான்.

அப்புறம் என்னை யார் பிடிக்க முடியும்? இத்தனை வருஷத்து எரிச்சலும் சேர்ந்து வந்தது. "ஏன்டி, கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா? ஓசியில செஞ்சி குடுத்த மனுஷன் மேலயே பழி போடுறியே, ஒனக்கு நாக்கு கூசல?" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டேன்.

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கோபமெல்லாம் போயிருந்தது.

"மாமா மேல நான் ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படலக்கா" என்றாள். "நீ குடுத்து வைக்கச் சொல்லியிருப்பேன்னுதான் நெனச்சேன்."

ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. 'கலா அப்படிப்பட்டவ இல்ல' என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தேன். அவர் குனிந்து, தரையில் கிடந்த ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.