டொயோட்டாவுக்குப் பின்னால் ஒரு மணவறை

தென் லண்டனில் நடந்த தமிழ்க் கலியாணங்கள் பலவற்றில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் உட்கார்ந்த மணவறை சிவமலருடையது. கோலியர்ஸ் வுட்டில், அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கையில் வாடகைக்கு எடுத்த ஒரு கராஜுக்குள் அதன் தூண்களும் வளைவும் திரைகளும் பழைய படுக்கை விரிப்புகளால் சுற்றப்பட்டுக் கிடக்கும். வார நாட்களில் அவள் பக்கத்திலுள்ள மிட்சம் பகுதியில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். மின்வயர்களை வெட்டி, முனைகளில் பித்தளைக் கவ்விகளை நசுக்கிப் பூட்டி, கட்டுக் கட்டாக அடுக்குகிற வேலை. சனி ஞாயிறு என்றால் மணவறை.

பொருத்துவதும் அலங்கரிப்பதும் அவள். வான் ஓட்டுவதும் ஏற்றி இறக்குவதும் கணவர் யோகராஜா. பல வருடம் அப்படித்தான் போயிற்று. 2006 தொடக்கத்தில் ஒரு மண்டபத்தில் வளைவைக் கழற்றும்போது யோகராஜா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவர் ஊன்றுகோலுடன் சோபாவுக்கும் குளியலறைக்குமாக நடந்தார். அந்த வசந்தத்தில் வான் வருடாந்தச் சோதனையிலும் தேறவில்லை. அதைப் பழைய இரும்புக்குக் கொடுத்தார்கள்.

"இனி உது சரிவராது. சாமானையும் குடுத்திடுவம். வட லண்டன் எட்மண்டனிலை கிறிஸ்துராஜா எண்டு ஒரு ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார்," என்றார் யோகராஜா.

தொழிற்சாலையில் சிவமலரை மேசை எண்ணால்தான் கூப்பிடுவார்கள். மண்டபங்களில் அவள் "மணவறை அக்கா". பொம்பிளையின் தாய்மார் தாலிக்கொடிக்கு அடுத்தபடியாக அவளைத்தான் தேடுவார்கள். அதை எட்மண்டன்காரருக்குத் தூக்கிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

ஜூலைத் தொடக்கத்தில் வெம்பிளியிலிருந்து நிர்மலா என்ற பெண் ஃபோன் எடுத்தாள். மகளுக்குக் கலியாணம், பேசியிருந்த மணவறைக்காரர் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டாராம். "அக்கா, உங்களை விட்டால் எனக்கு ஒருதரும் இல்லை." சிவமலர் யோசிக்காமல் ஓம் என்றாள். பிறகுதான், எதில் ஏற்றிப் போவது என்று யோசித்தாள்.

பெரிய வான் ஓட்ட அவளுக்குப் பயம். பின்ஜன்னல் இல்லாத வண்டியில் முதுகுப்பக்கம் குருடானது போலிருக்கும். கையோடு பழகியது வீட்டு டொயோட்டாதான். கூட வேலை செய்த டொலறஸின் புருஷன் தோட்ட வேலை செய்தவன். அவனுடைய சிறிய ட்ரெய்லர் ஒன்று கொல்லையில் சும்மா நிற்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. மணவறையைக் கழற்றினால் ஆளுயரத்துக்கு மேல் நீளமானது எதுவுமில்லை, ட்ரெய்லருக்குள் அடங்கும். அதைக் காருக்குப் பின்னால் கொளுவ ஒரு டோ பார் வேண்டும். பின்பக்கச் சட்டத்தில் இறுக்குகிற இரும்புச் சலாகையும் அதிலே ஒரு இரும்புக் குண்டும். ட்ரெய்லர் விளக்குகள் எரிய வயர் இணைப்பும் வேண்டும்.

முதல் போன கார் திருத்தும் கராஜில் அடுத்த மாதம்தான் முடியும் என்றார்கள். இரண்டாவதில் கவுண்டரில் நின்றவன் அவளை ஏற இறங்கப் பார்த்து, கணவரைக் கூட்டிக்கொண்டு வா, அவரோடு பேசுகிறேன் என்றான். சிவமலர் வீட்டுக்கு வந்து, காரின் மாடலுக்குப் பொருந்தும் டோ பாரும் வயர் தொகுதியும் தருவித்தாள்.

பெட்டி வந்தபோது வாங்கி வைத்தவர் யோகராஜா. அவள் வேலையால் வர, அது ஹோலின் நடுவில் கிடந்தது.

"உதென்ன?"

"டோ பார்."

"ஆர் பூட்டுறது?"

"நான்தான்."

யோகராஜா சிரிக்கவில்லை. "கிறிஸ்துராஜா ஞாயிற்றுக்கிழமை சாமான் பாக்க வாறார். நான் சொல்லிப்போட்டன்."

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெம்பிளியிலை கலியாணம். நானும் சொல்லிப்போட்டன்."

அன்றிரவு இருவரும் டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை காலை சிவமலர் பழைய காற்சட்டையும் படிக்கப் போன மகள் விட்டுச்சென்ற ரீ சேர்ட்டும் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குப் போனாள். பக்கத்து வீட்டு மணியம் மலேசியாக்காரர், கணக்காளர். கருவிகள் வாங்குவது அவருக்குப் பொழுதுபோக்கு, பாவிப்பது அவ்வளவாக இல்லை. ஜாக்கி, காரைத் தாங்கும் இரும்புக் கால்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனர் எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போயிடாதீங்க, மலர். கால் வச்சிட்டுத்தான் போகணும்."

"ஓம் மணியம் அண்ணை."

பின்பம்பரைக் கழற்றுவதற்குள் பாதிக் காலை போயிற்று. ஒளிந்திருந்த கிளிப் ஒன்று விடாப்பிடியாக நின்று, கடைசியில் உடைந்துதான் விட்டது. பம்பரைப் புல்லில் சரித்துவிட்டு, காரை உயர்த்தி இரும்புக் கால்களில் நிறுத்தி அடியில் புகுந்தாள். சட்டத்தில் போல்ட்டுக்கான துளைகள் தயாராக இருந்தன. ஆனால் டோ பார் கனத்தது. ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறுகையால் போல்ட் நுழைக்க அவளால் முடியவில்லை. முகத்தில் துரு கொட்டியது. வெளியே வந்து, மூச்சு வாங்கி, ஜாக்கியை டோ பாருக்கடியில் வைத்து மெல்ல மெல்ல உயர்த்தினாள். துளைக்கு நேரே துளை வந்து நின்றது. போல்ட்டுகளைக் கையால் திருகி, பிறகு மணியத்தின் ஸ்பனர் "டிக்" என்று சொல்லும்வரை இறுக்கினாள்.

வயர் வேலை அவளுடைய வேலை. பின்விளக்குகளுக்குப் போகும் வயர்களிலிருந்து ரிலேப் பெட்டிக்கும், அங்கிருந்து டோ பாருக்குப் பக்கத்தில் பூட்டிய வட்டச் சொக்கெட்டுக்கும் நிறம் பார்த்து இணைத்தாள். மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது, சிவப்பு பிரேக். மின்னோட்டம் காரின் தகட்டுக்குத் திரும்பிப் போகும் எர்த் வயரை டிக்கிக்குள் இருந்த ஒரு போல்ட்டில் பூட்டினாள். காரை இறக்கி, டொலறஸின் புருஷன் முதல்நாள் கொண்டுவந்து விட்ட ட்ரெய்லரைக் கொளுவி, அதன் பிளக்கைச் செருகினாள். இனிச் சோதிக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் நின்று பார்ப்பது எப்படி?

வீட்டுக்குள் போய் விளக்குமாற்றை எடுத்துவந்தாள். ஒரு முனையைப் பிரேக்கில் வைத்து, மறுமுனையைச் சீற்றில் முட்டுக்கொடுத்து, சீற்றை முன்னால் தள்ளினாள். பின்பக்கம் ஓடினாள். விளக்குமாறு நழுவி ஹோர்னில் விழுந்தது. ஒழுங்கை முழுக்கக் கேட்டது. மறுபடி வைத்தாள். மறுபடியும் நழுவிற்று.

மேல்மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த யோகராஜாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, பின்கதவைத் திறந்து ஒழுங்கைக்கு வந்தார். ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவர் வெளியே நடந்தது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

"அந்தத் தும்புத்தடியை எடும். சனம் பாத்துச் சிரிக்கப் போகுது." கதவைப் பிடித்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டுநர் சீற்றில் உட்கார்ந்தார். "என்னத்தை மிதிக்க? சொல்லும்."

"பிரேக்."

பிரேக் விளக்கு எரிந்தது. வலது சிக்னல், சரி. இடது சிக்னல் போட்டபோது இடது விளக்கோடு பிரேக் விளக்கும் மங்கலாகச் சேர்ந்து சிமிட்டியது. பின்விளக்கைப் போட்டால் எல்லாமே மங்கின. சிவமலர் சொக்கெட்டைக் கழற்றி ஒவ்வொரு வயராகப் பார்த்தாள். எதுவும் மாறவில்லை. திரும்பவும் பார்த்தாள். அழுகை வரும்போல் இருந்தது. நாளைக்குக் காலையில் மணவறை வெம்பிளியில் நிற்க வேண்டும்.

"எர்த் எங்கை பூட்டினீர்?" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

"டிக்கிக்குள்ளை, போல்ட்டிலை."

"பெயின்ரைச் சுரண்டினீரோ?"

அவள் டிக்கிக்குள் எட்டிப் பார்த்தாள். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ற் அப்படியே இருந்தது.

"வானுக்கு அடிப்பக்கம் பெயின்ற் அடிச்ச வருசம் எனக்கும் உதுதான் நடந்தது. பெயின்ற் கரண்டை விடாது. ஒண்டைப் போட ஒண்டு எரியும். ஒரு கிழமையா விசர் பிடிச்சுத் திரிஞ்சனான்."

சிவமலர் வயரைக் கழற்றி, போல்ட்டுக்கடியில் இருந்த பெயின்ற்றை வெள்ளைத் தகடு தெரியுமட்டும் உரஞ்சினாள். திரும்பப் பூட்டினாள். "இடது," என்றாள். இடது விளக்கு தனியாக, பளிச்சென்று சிமிட்டியது. அவர் கேட்காமலே வலதும் பிரேக்கும் பின்விளக்கும் போட்டுக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் அவள் "சரி" என்று கத்தினாள்.

அப்போது யோகராஜாவின் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. அவர் எடுத்த விதத்திலேயே கிறிஸ்துராஜா என்று தெரிந்துவிட்டது. சிவமலர் ஸ்பனரோடு அசையாமல் நின்றாள்.

"ஓம் தம்பி... இல்லை, நாளைக்கு வர வேண்டாம். எங்களுக்கு வெம்பிளியிலை வேலை இருக்கு." சிறிது நேரம் அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டார். "இல்லை, பிறகும் வேண்டாம். குடுக்கிற யோசனையை விட்டிட்டம்."

ஃபோனை வைத்துவிட்டு அவர் கண்ணாடிக்குள் அவளைப் பார்த்தார். "பம்பரைப் பூட்டுவமே?"

அவளுக்குத் தேநீர் வேண்டும்போல் இருந்தது. முதலில் பம்பரைப் பூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிய, கார் நம்பரையே எழுதிய தகடு ஒன்றை ட்ரெய்லரின் பின்னால் மாட்டி, மணவறையை ஏற்றிப் புறப்பட்டார்கள். இரண்டு பேரும்தான். கியூ பாலம் தாண்டி நோர்த் சர்க்குலரில் ஏறியதும் பின்னால் இழுக்கிற கனம் அவளுக்குப் பழகிவிட்டது. நெருக்கிக்கொண்டு வந்த கார்களுக்கெல்லாம் அவள் வழி விட்டாள்.

சிக்கல் மண்டபத்தின் பின்வாசலில் வந்தது. ஒடுங்கிய பாதை, பின்னுக்குத்தான் விட வேண்டும். அவள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப ட்ரெய்லர் வலப்பக்கம் போயிற்று. சரிசெய்யப் போக, ட்ரெய்லர் மடங்கிச் சுவரோடு ஒட்டி நின்றது. யோகராஜா "மற்றப்பக்கம், மற்றப்பக்கம்!" என்று சொல்லச் சொல்ல அது மோசமாயிற்று. பின்னால் பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்த ஒரு லொறி ஹோர்ன் அடித்தது.

சிவமலர் இறங்கினாள். பிளக்கைக் கழற்றி, குண்டிலிருந்து ட்ரெய்லரை விடுவித்தாள். பொம்பிளையின் மாமன்மார் இரண்டு பேர் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கை கொடுக்க, ட்ரெய்லரைத் தள்ளிக்கொண்டே வாசலுக்குக் கொண்டுபோனாள். லொறிக்காரன் போகும்போது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஐயர் வருவதற்குள் மணவறை நின்றது. யோகராஜா ஒரு கதிரையில் உட்கார்ந்து போல்ட்டுகளைப் பிரித்துக் கொடுத்தார். ஏணியில் ஏறியது அவள். "கவனம், கவனம்," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நிர்மலா வந்து பார்த்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறுகளில் சிவமலர் மேர்ட்டனில் ஒரு பெரிய கடையின் கார் தரிப்பிடத்தில், கடை திறப்பதற்கு முன்னால், ட்ரெய்லரைப் பின்னுக்கு விடப் பழகினாள். பனி விழத் தொடங்கிய காலத்தில்தான் கை வந்தது. யோகராஜா பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடந்தார். பாரம் தூக்க மட்டும் ஏலாது. ஃபோனில் கலியாணங்களைப் பேசி எடுப்பது அவர் வேலையாயிற்று, அதில் அவர் அவளைவிடக் கெட்டிக்காரர். மறுவருடக் கோடையில் வேலை மிஞ்சிப்போய், அவள் தொழிற்சாலையில் வெள்ளிக்கிழமைகளை விட்டாள். ட்ரெய்லரோடு காரை ஓட்ட அவருக்கும் ஆசை இருந்தது. ஒருமுறை கேட்டும் பார்த்தார். சிவமலர் சாவியைக் கொடுக்கவில்லை.