மயிலின் பெயர் கொண்ட மல்லிகை

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, அல்சூர் வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருக்கும் மஞ்சுளா போன் செய்தார். மாடியில் அம்மா கதவைத் திறக்கவில்லை என்றார். தன்னிடமிருந்த சாவியால் திறந்து பார்த்ததாகச் சொன்னார். பிறகு, "தூங்கற மாதிரியே இருக்காங்க அக்கா. எழுப்பறதுக்கே மனசு வரல" என்றார்.

அப்படித்தான் எங்களை விட்டுப் போனார்கள் என் மாமியார் சுலோசனா அம்மாள். நான் அவர்களை அத்தை என்று அழைப்பேன்.

பெங்களூரில் டெலிபோன் ஆபரேட்டராகப் பல வருடம் வேலை பார்த்தவர்கள். டிரங்க் கால் காலத்தில் அவர்கள் குரலுக்காகவே காத்திருந்த வியாபாரிகள் உண்டாம். தமிழ், கன்னடம், இங்கிலீஷ், கொஞ்சம் உருது என்று எந்த மொழியிலும் அதே நிதானம். 1991-இல் மாமா மாரடைப்பில் காலமானார். அதன்பின் அத்தை பூ வைத்துக்கொள்ளவில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. நான் மருமகளாக வந்தபோது, சாமி படத்துக்கும் எனக்கும் மல்லிகை வாங்கித் தம் கையாலேயே தொடுத்துக் கொடுப்பார்கள். தொடுத்து முடித்ததும் வாசனை போகும்வரை சோப்புப் போட்டுக் கை கழுவுவார்கள்.

2001-இல் நானும் என் கணவர் மோகனும் கலிபோர்னியாவில் இருந்தோம். எங்களோடு தங்க வந்த அத்தையை ஹவாய்த் தீவுகளுக்கு அழைத்துப் போனோம். ஹொனலூலு விமான நிலையத்தில் விருந்தாளிகளுக்கு மாலையிட்டு வரவேற்பது அங்குள்ள மரபு. வயதான, பருத்த ஓர் அம்மாள் கை நிறைய மாலைகளோடு நின்றார். காதோரம் ஒரு பூ. அத்தையின் பக்கம் அவர் நீட்டியது மல்லிகைச் சரம். நம் ஊர்க் குண்டுமல்லியேதான்.

அத்தை பின்வாங்கினார்கள். மோகன் சங்கடத்தோடு, அம்மா கணவரை இழந்தவர், பூ அணிவதில்லை என்று விளக்கினார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். பிறகு தம் இடது காதோரப் பூவைத் தொட்டுக் காட்டி, தானும் கணவரை இழந்தவள்தான் என்றார். அங்கே துணை தேடுகிறவர்கள் வலப்பக்கம் பூ வைப்பார்களாம், துணை உள்ளவர்கள் இடப்பக்கம். கணவர் போய் வெகுகாலம் ஆனாலும் தான் பக்கத்தை மாற்றவில்லை என்றார்.

மோகன் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அத்தை தலையைக் குனிந்தார்கள். மாலை கழுத்தில் விழுந்தது.

அதன்பிறகான நாட்கள் எனக்கு இன்றும் கனவு போலத்தான் நினைவிருக்கின்றன. வெயில் அடிக்கும்போதே மழை தூறும். மலைமேல் ஒரு வானவில் நின்றுகொண்டே இருக்கும், யாரும் அதைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். கடல் ஒவ்வொரு முறை திரும்பிப் பார்க்கும்போதும் வேறு நிறத்தில் இருந்தது. ஹோட்டல் புல்வெளியில், பெரிய ஆலமரத்தடியில் பயணிகளுக்கு ஹூலா நடனம் சொல்லிக்கொடுத்தார்கள். கை அசைந்தால் அலை, விரல் இறங்கினால் மழை. அத்தை நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்து பார்த்தார்கள். "வாயே தெறக்காம எவ்ளோ பேசறாங்க பாரு அனு. நான் வாயை மட்டும் வெச்சுத்தான் காலம் தள்ளுனேன்" என்றார்கள்.

பெரிய தீவில் எரிமலையைப் பார்த்தோம். அதில் குடியிருக்கும் தேவியின் கூந்தல் என்று, காற்றில் பறந்து வந்து பாறையில் படிந்திருந்த மெல்லிய கண்ணாடி இழைகளை வழிகாட்டி காட்டினார். பொன்னிறமாக மின்னின. பள்ளத்தின் விளிம்பில் யாரோ பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். புகைக்கு நடுவே அத்தை கைகூப்பி நின்ற கோலம் அப்படியே கண்ணில் இருக்கிறது. அந்த ஊரில் மல்லிகைக்கு மயிலின் பெயர் என்றும் வழிகாட்டி சொன்னார்: மயில்மீதும் மல்லிகைமீதும் பிரியமாக இருந்த ஓர் அரசகுமாரியால் வந்த பெயராம், பிகாகே. அத்தை அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார்கள்.

மாலை வாடிய பிறகும் குப்பையில் போடக் கூடாது, நாரை உருவிவிட்டுப் பூவைக் கடலுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். கிளம்பும் நாள் விடியலில் அத்தை முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொரு பூவாக விட்டார்கள். கரைக்கு வந்ததும் சொன்னார்கள்: "இத்தனை வருஷமா பூவைத் தொட்டாலே திருடற மாதிரி இருந்துச்சும்மா."

பெங்களூர் திரும்பிய அத்தை இடப்பக்கம் ஒரு துண்டு மல்லிகை வைத்துக்கொண்டார்கள். அல்சூரில் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. நாங்களும் ஊர் திரும்பியபின், குடும்பத்துக் கல்யாணம் ஒன்றில்தான் வந்தது வினை. மாமாவின் அக்கா கமலம்மா பந்திக்கு நடுவில் நின்று, "சுலோ, யாருக்காக இந்தப் பூ?" என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க தம்பிக்குத்தான் அண்ணி. நான் இன்னும் அவர் பொண்டாட்டிதானே."

கமலம்மா சாப்பிடாமலே போய்விட்டார். அதன்பின் அந்த வீட்டு விசேஷம் எதற்கும் அத்தைக்கு அழைப்பில்லை. கமலம்மாவின் பேரன் காதுகுத்து நாளில் அத்தை காலையிலிருந்தே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் குழந்தைக்கென்று வாங்கி வைத்த சட்டை மடியில் இருந்தது. ஆனாலும் பூவை எடுக்கவில்லை.

சில வருடம் கழித்துக் கமலம்மாவின் கணவர் இறந்தார். அழைக்காமலே போனார்கள் அத்தை. பத்தாம் நாள், கமலம்மாவுக்குப் பூவும் வளையலும் இட்டுக் களையும் சடங்குக்குப் பெண்கள் கூடியிருந்தார்கள். அத்தை அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே எல்லோரும் காத்திருந்தோம். உள்ளே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கதவு திறந்தபோது கமலம்மாவே சொன்னார்: "அதெல்லாம் வேண்டாம். சாப்பாடு போடுங்க."

அதிலிருந்து வாரம் ஒருமுறை ஆட்டோ பிடித்து அல்சூருக்கு வருவார் கமலம்மா. இருவரும் காபியை ஆறவிட்டுத் தீவுகளைப் பற்றியே பேசுவார்கள். கேட்டதையே திரும்பக் கேட்பார் கமலம்மா. அத்தையும் முதல் தடவை சொல்வதுபோலச் சொல்வார்கள்.

காரியங்கள் முடிந்த மறுநாள், கமலம்மா மோகனை அழைத்துத் தனக்குப் பாஸ்போர்ட் எடுக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றதும், "அவ சொன்னதெல்லாம் நெஜமான்னு பாக்கணும்டா" என்றார். நேற்று அவரைப் போட்டோ ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். எழுபத்தெட்டு வயதில், விளக்கு வெளிச்சத்துக்குக் கண் கூசியும் இமைக்காமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

போய் வாருங்கள், அத்தை. உங்கள் அண்ணியை நாங்கள் பத்திரமாக அழைத்துப் போகிறோம்.