வாய் மடித்த தோட்டாவும் என் வயிற்றெரிச்சலும்

துப்பாக்கிக் கடையில் விற்பனையாளன் என்றால் எல்லாரும் ஒரு அடி தள்ளி நிற்கிறார்கள். நான் நாள் முழுக்கச் செய்வதோ, வந்தவரின் லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டு "இந்தத் தோட்டா உங்க துப்பாக்கிக்கு ஆகாது" என்று சொல்வதுதான். சீட்டு இல்லாமல் மருந்து தர மறுத்துத் திட்டு வாங்கும் மருந்துக்கடைக்காரர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும். பழைய தில்லியில் இந்தக் கடைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை என் கையில் ஒரு தோட்டாகூட வெடித்ததில்லை. வயிறு மட்டும் அடிக்கடி எரிந்திருக்கிறது.

மீசை

என்னோடு கல்லாவுக்கு முன்னால் நிற்பவர் ராவத். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஃபௌஜி. கடைக்கு வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, ஆனால் மீசை பெரிது. எனக்கு மூக்குக்கண்ணாடியும் திருநீறும்தான். ஒரு நாள் ரோத்தக் பக்கத்திலிருந்து ஒருவர் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வந்தார். இன்றைய தோட்டா ஒன்றை அதில் நுழைத்துக் காட்டி, கச்சிதமாகப் போகிறதே, ஒரு பெட்டி கொடு என்றார்.

பொறுமையாக விளக்கினேன். தோட்டாவின் வாயை மடித்து மூடியிருப்பார்கள். சுடும்போது மடிப்பு விரிந்து தோட்டா நீளும். பழைய துப்பாக்கியில் அது உட்காரும் இடம் குட்டை. விரிய இடமில்லாமல் வழியை அடைத்துக்கொண்டால் குழலே வெடிக்கும். போதாததற்கு, இன்றைய வெடிமருந்தின் வேகத்தைத் தாங்க அந்தக் காலக் குழல்கள் செய்யப்படவில்லை. அவர் நம்புவதாகத் தெரியவில்லை. சுட்டு முடித்த காலித் தோட்டா ஒன்றை எடுத்து அதே துப்பாக்கியில் போட்டேன். முழுதாக உள்ளே போகாமல் நகத்தளவு நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கொட்டாவி விட்டார். அப்போது ராவத் தலையைத் தூக்கி, "மத் சலாவோ" என்றார். சுடாதே, அவ்வளவுதான். அந்த மனிதர் துப்பாக்கியை உடனே உறையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஃபௌஜி சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க ஏன் பாபுஜி இதை முதல்லயே சொல்லலை?"

யாரால் ஆபத்து

ஊரார் துப்பாக்கிகளையே துடைத்துக்கொண்டிருந்தால் நமக்கென்று ஒன்று வேண்டும் என்று தோன்றத்தானே செய்யும்? லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன். எதற்கு வேண்டும் என்ற கட்டத்தில் 'உயிர்ப் பாதுகாப்பு' என்று எழுதினேன். விசாரித்த அதிகாரி என் முகவரியைப் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் முகவரியைப் படித்தார். அவர் இந்தியில் கேட்டது இதுதான்:

"ஜனக்புரியில உங்களைச் சுடறதுக்கு யாருக்கு நேரம் இருக்கு?"

வாரிசு

என் மாமனாரிடம் ஓர் இங்கிலீஷ் இரட்டைக்குழல் இருந்தது. ஒரு பெரிய அதிகாரி ஓய்வு பெற்றுப் போகும்போது அவருக்குக் கொடுத்தது. இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த குழல்கள், பாம்புத்தோல் மாதிரி வரி ஓடும். பதினெட்டு வருஷம் அதற்கு எண்ணெய் போட்டவன் நான். அவர் காலமானதும் துப்பாக்கி அவர் மகன் செந்திலுக்குப் போயிற்று. சட்டப்படி அதுதான் சரி. ஆனால் விசையை 'பட்டன்' என்று சொல்கிறவன் வீட்டுக்கு அது போனதை என்னால் தாங்க முடியவில்லை. சொந்த மச்சினன் மேல் பொறாமைப்பட்டேன், மறைப்பானேன். லக்ஷ்மிபாய் நகரில் அவன் குவார்ட்டர்ஸுக்குப் போனபோது, துப்பாக்கியை எடுத்துக் காட்டிவிட்டுப் பிரியமாகச் சொன்னான்.

"அத்தான், மாசத்துக்கு ஒரு தடவ வந்து எண்ணெய் மட்டும் போட்டுட்டுப் போங்க. உங்களுக்குத்தான் இதுல பழக்கம்."

ஒரு பெட்டி

செந்திலின் மேலதிகாரி ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு சுடுதளத்தில், வீசிப் பறக்கவிடும் களிமண் தட்டுகளைச் சுடுகிறவர். உன் அப்பா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வா என்று இவனை அழைத்துவிட்டார். குட்டையான, வேகம் குறைந்த தோட்டாவுக்காகக் கொல்கத்தா, சென்னை என்று நான் தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவர் அனுப்பிய பழைய காகிதத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தன.

சனிக்கிழமை காலை துப்பாக்கியோடு கடைக்கே வந்துவிட்டான். எனக்குப் பின்னால் புதுத் தோட்டாப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. உள்ளே கச்சிதமாகப் போகும், அவனும் சிரித்துக்கொண்டே போவான். கொடுத்துவிடேன், அவன் தலையெழுத்து என்று ஒரு நினைப்பு ஓடியது. என் கை பெட்டி மேலேயே போய்விட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. அப்போது அவன் இடது கை கண்ணில் பட்டது. குழலைத் தாங்கிப் பிடிக்கப்போகிற கை. என் கல்யாணத்தில், பள்ளிக்கூடப் பையனாக, மச்சினன் மோதிரம் போடும்போது என் விரலைப் பிடித்துக்கொண்ட கை. பெட்டியை விட்டுவிட்டு, கிடையாது, இதைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும் என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். என் மனைவி வடிவு யோசிக்கவேயில்லை.

"அந்தத் துப்பாக்கி மேல உங்களுக்கு எப்பவுமே ஒரு கண்ணுங்க. அவன் சுட்டா உங்களுக்கு என்ன? கொடுத்துத் தொலைங்களேன்."

மறுபடியும் மீசை

கூச்சல் கேட்டு ராவத் வந்தார். என் மேஜையிலிருந்த என் காலித் தோட்டாவை எடுத்து, நான் எப்போதும் செய்து காட்டுகிற மாதிரியே அந்தத் துப்பாக்கியில் போட்டார். நகத்தளவு நீட்டிக்கொண்டு நின்றது. "மத் சலாவோ, பேட்டா." செந்திலுக்கு முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் வெறுங்கையோடு போய், அதிகாரியின் துப்பாக்கியிலேயே இரண்டு தட்டுகளை உடைத்தானாம். பிறகு முறைப்படி அனுமதி வாங்கி, அப்பாவின் துப்பாக்கியைச் சுட முடியாதபடி செய்து கூடத்தில் மாட்டினான்.

அன்றைக்கு ராவத்துக்கு விருந்து. வடிவே போய்த் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். நான் கேட்டால் தேங்காய் விலை சொல்லுவாள். வந்திருந்தவர்களிடம் செந்தில் பெருமையாக ஏதோ சொல்ல, தமிழ் தெரியாத ராவத் என் பக்கம் குனிந்து, என்ன சொல்கிறான் என்று கேட்டார். அதை நானே ஒரு வார்த்தை விடாமல் இந்தியில் சொல்ல வேண்டியதாயிற்று.

"அத்தானும் துப்பாக்கிக் கடையிலதான் இருக்காங்க. ஆனா என் கையைக் காப்பாத்துனது ராவத் சார்தான்."

இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: பழைய துப்பாக்கிக்குத் தோதான தோட்டாகூட எங்காவது கிடைத்துவிடும், பொறாமைக்காரன் சொல்லும் உண்மையை நம்ப ஓர் ஆள் கிடைக்கமாட்டான்.