சிஞ்ஞோராவின் அப்பா பெயரில் ஒரு கப்பல்

பலெர்மோ நகரின் கால்சாப் பகுதியில் பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடியில், எண்பத்தெட்டு வயது அம்மையார் ஒருவரை, இங்கத்தைய பேச்சில் சிஞ்ஞோராவை, ஆறு வருடமாகப் பராமரித்து வருகிறேன். அவருடைய அப்பா கடற்படை அதிகாரி. போரில் தன் கப்பல் மூழ்கும்போது மாலுமிகளையெல்லாம் படகில் இறக்கிவிட்டுத் தான் இறங்காமல் கப்பலோடு போனவர். பின்னாளில் ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்தக் கப்பலின் பெரிய படம் வீட்டு நடையில் தொங்குகிறது. அதன் கண்ணாடியைத் துடைப்பதும் என் வேலைதான். துடைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

என் அப்பாவும் கடலில்தான் இருந்தார். எங்கள் ஊரில் தீவுக்கும் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றும் லாஞ்சை முப்பது வருடம் ஓட்டினார். அங்கேயும் போர் நடந்த காலம்; கடற்படைக் கப்பலைக் கண்டால், சுட்டுவிடாமலிருக்க எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்குவார். கடல் கொந்தளித்த ஒருநாள், பிரசவ வலியில் துடித்த பெண்ணை ஏற்ற ஒருவரும் முன்வராதபோது அப்பாதான் கொண்டுபோனார். பாதிவழியில் லாஞ்சிலேயே ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்குக்கூட அவர் பெயரை வைக்கவில்லை. லாஞ்சுக்கு இருந்தது முதலாளியின் மனைவியின் பெயர். அப்பா இறந்தபோது என் பெர்மெஸ்ஸோவை, இங்கே வசிக்கும் அனுமதியை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம்; போனால் திரும்பி வரமுடியாமல் போகலாம் என்று நான் போகவில்லை.

போன மே மாதம் சிஞ்ஞோராவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவருக்குக் கண் மங்கல் என்பதால் கடிதங்களை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்தக் கப்பல் பலெர்மோவுக்கு வருகிறது, மகள் விருந்தினராக வரவேண்டும், துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம், இருவர் பெயரையும் முன்கூட்டியே அனுப்பவேண்டும் என்று எழுதியிருந்தது. அன்று மின்சாரக் கட்டணக் கடிதத்தை மட்டும் அவருக்கு வாசித்தேன். இதைக் குசினியில் லாச்சியை இழுத்துத் திறந்து மேசை விரிப்புகளுக்கு அடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் குடியிருக்கும் பிரான்காச்சோவுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் வியா மக்வேதா தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவர், அதிகம் பேசமாட்டார்.

"ஏன் ஒளிச்சனீர்?" என்றார்.

"அவவுக்கு மாளிகை இருக்கு. தகப்பன்ரை பேரிலை கப்பலும் இருக்கு. இதுவும் வேணுமே?"

"அந்த மனுசி அஞ்சு வயசிலை தகப்பனைப் பறிகுடுத்தது. நீர் கலியாணம் கட்டுமட்டும் உம்மடை அப்பாவோடை இருந்தனீர்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"கொண்டுபோய்க் குடும்" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை சிஞ்ஞோராவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இப்போதுதான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "மூன்று நாளாக நான்தான் ஒளித்து வைத்திருந்தேன்" என்றேன்.

"ஏன்?"

"பொறாமை, சிஞ்ஞோரா."

அவர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "இரண்டு பெயரையும் எழுதி அனுப்பு" என்றார். அன்று முழுக்க என்னோடு வேறு வார்த்தை பேசவில்லை.

குறித்த நாளில் சக்கர நாற்காலியைத் துறைமுகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். சாம்பல் நிறத்தில் அவ்வளவு பெரிய இரும்பைக் கிட்டத்தில் பார்த்ததும் அப்பா எஞ்சினை நிறுத்துவதுபோல நானும் நாற்காலியை நிறுத்திவிட்டேன். ஏணிப்பாலத்தின் அடியில் இளம் அதிகாரி ஒருவர் பெயர்ப் பட்டியலோடு நின்றார். சிஞ்ஞோராவின் குடும்பப் பெயரை அவர் வாசித்ததும் பக்கத்தில் நின்ற மாலுமிகள் விறைத்து நின்று வணக்கம் செய்தார்கள்.

அடுத்து என் பெயர். எங்கள் ஆட்களின் பத்திரங்களில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கும். பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் கந்தோரான கெஸ்தூராவில் அதை எப்படிக் கடித்துத் துப்பினாலும் நான் பேசாமல் எழுந்து போவேன். இந்த அதிகாரியும் அதை இரண்டாக உடைத்து வாசித்தார்.

"அப்படியில்லை" என்றேன். எனக்கே திடுக்கிட்டது. அப்பாவின் பெயரை ஆறுதலாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் காட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டு, இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார்.

சிஞ்ஞோரா திரும்பிப் பார்த்தார். "அது உன் அப்பாவின் பெயரா?"

"ஓம்."

"என்ன வேலை செய்தார்?" ஆறு வருடத்தில் முதல்தரம் கேட்கிறார்.

"படகு ஓட்டினார். பொழுதுபட வீட்டுக்கு வருவார். மீன்குழம்பில் புளி கூடிவிட்டது என்று அம்மாவோடு சண்டை பிடிப்பார்."

"சண்டை பிடிக்கும்போது அவர் குரல் எப்படி இருக்கும்?"

"கரகரப்பாக" என்றேன்.

"என் அப்பாவின் குரல் எனக்கு ஞாபகமே இல்லை" என்றார் அவர்.

இரண்டு மாலுமிகள் நாற்காலியோடு அவரைத் தூக்கி மேலே கொண்டுபோனார்கள். மேலே கப்டன் கைகொடுத்தார், பூங்கொத்துக் கொடுத்தார், படம் எடுத்தார்கள். சிஞ்ஞோரா தன் அப்பாவின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைத் தொட்டுத் தடவியபோது நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொறாமை அப்போதும் போகவில்லை; இப்போதும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன்.

அதன்பிறகு காலையில் கோப்பி குடிக்கும்போது, "உன் அப்பாவைப் பற்றி ஏதாவது சொல்லு" என்பார். சொல்லுவேன். சில நாளில் பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போதும், போய் வேலையைப் பார்" என்று வெடுக்கென்று சொல்லிவிடுவார். அந்த எரிவு எனக்குத் தெரியும்; அதற்கு நான் கோபிப்பதில்லை.