தண்ணீர் குடிக்காத நாய்

மூக்காண்டிக்குப் பவுண்டில் காவல் வேலை. பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கிற இடம் அது. 1951இல் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் வழி தப்பிய ஐந்து நாய்களையும் அங்கேயே அடைக்கச் சொல்லிவிட்டார்கள். பத்து நாளில் சொந்தக்காரன் வந்தால் பிழைக்கும், இல்லாவிட்டால் கதை முடிந்தது. நாய் வளர்த்துப் பழக்கம் உண்டா என்று மூக்காண்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உத்தரவு போடுகிறவர்கள் என்றைக்குக் கேட்டார்கள்?

ஐந்தில் ஒன்று சிப்பிப்பாறை வேட்டைநாய். முயல் விரட்டியே வளர்ந்த நாயை நாலு சுவருக்குள் போட்டால் சும்மா படுத்திருக்குமா? விடிந்ததிலிருந்து சுவரோரமாகவே சுற்றியது. கதவுக் கட்டையைக் கடித்து ஈறெல்லாம் ரத்தமாக்கிக்கொண்டது.

எதிரே டீக்கடை வைத்திருந்த பாதுஷா எட்டிப் பார்த்தார். "வே மூக்காண்டி, இதுக்குக் கோட்டி பிடிச்சிட்டு, வெறிநாயின்னு எவனாவது சொன்னாப் போதும், சுட்டுருவாங்க."

மூக்காண்டி அதைச் சாந்தப்படுத்தப் பார்த்தான். தனக்குத் தெரிந்த அளவில் ஏதேதோ செய்தான். கருவாட்டுத் தலைகளை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தான். ஐந்தும் காலை முழுக்க மோப்பம் பிடித்துத் தேடின. தேங்காய் மட்டையை மரத்தில் தொங்கவிட்டு எம்பிக் கடிக்க வைத்தான். சிப்பிப்பாறைக்கு அது எந்த மூலைக்கு? அதனால், அடைத்ததை வெளியே விடக் கூடாது என்று தெரிந்தும், விடியற்காலையில் அதைக் கயிற்றில் பிடித்து வற்றிய குளத்துக்குள் ஓட்டினான். தானும் கூடவே ஓடினான், ஐம்பது வயதில்.

"நாய்க்குச் சமமா ஓடுதீரே, ஊரே சிரிக்கு," என்றாள் மனைவி முப்பிடாதியம்மாள். சிரிக்கட்டுமே. ஓடி வந்த நாய் மத்தியானம் வரை நிம்மதியாகத் தூங்கியது.

எட்டாம் நாள் குருவிகுளத்திலிருந்து தகவல் வந்தது. நாய் தன்னுடையதுதான், நாளைச் சாயங்காலம் வந்து கூட்டிப்போகிறேன் என்று ஆட்டுக்காரர் தங்கப்பழம் சொல்லி அனுப்பியிருந்தார். ஒன்பதாம் நாள் காலையில் நாய்களைச் சோதிக்கச் சுகாதார இன்ஸ்பெக்டர் வருவதாகவும் தகவல். அவர் எதிரில் நாய் சாதுவாக நிற்கட்டும் என்று மூக்காண்டி அன்று விடியற்காலையில் இரண்டு சுற்று அதிகமாகவே ஓட்டினான். திரும்பும்போது கிணற்றடியில் அது ஒரு வாளித் தண்ணீரைக் குடித்துத் தீர்த்தது.

இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு நாய்க்கும் தண்ணீர்ச் சட்டியைக் கம்பால் தள்ளி வைத்தார். மற்ற நான்கும் குடித்தன. சிப்பிப்பாறை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயில் ஓட்டத்தின் நுரை, ஈறில் ரத்தம்.

"தண்ணியைக் கண்டு பயப்படுது. வெறிதான்."

"இல்லய்யா, இப்பந்தான் ஒரு வாளி குடிச்சுது. கொளத்துல ஓடவிட்டுக் கூட்டிட்டு வாரேன்."

"வெளியே வேற கொண்டு போனியா? யார் யாரைக் கடிச்சுதோ!"

மூக்காண்டி உண்மையைச் சொன்னதே நாய்க்கு எமனாகிவிட்டது. சொந்தக்காரர் சாயங்காலம் வந்துவிடுவார் என்று பாதுஷா சொல்லிப் பார்த்தார், அதுவும் எடுபடவில்லை. வேறு யாரையும் அது கிட்டே அண்டவிடாததால், துப்பாக்கிக்காரர் முன்னால் அதைக் கொண்டுபோய்க் கட்டியதும் மூக்காண்டிதான். வெளியே போகிறோம் என்ற சந்தோஷத்தில் அது அவனை முந்திக்கொண்டு இழுத்தது.

சாயங்காலம் தங்கப்பழம் வந்தார். மூக்காண்டி எதையும் மறைக்கவில்லை. அவர் கொண்டுவந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குப் போனார்.

அதற்கப்புறமும் நாய்கள் வந்தன. மூக்காண்டி எதையும் ஓட்டவில்லை. இன்ஸ்பெக்டர் வருகிற நாளுக்கு முந்தின இரவே தண்ணீர்ச் சட்டிகளை எடுத்துவிடுவான். நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவை அவனையே பார்க்கும். அவன் சுவரைப் பார்த்து நின்றுகொள்வான்.