செல்வி துவைத்த சட்டை

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் உடம்பைத் தனியாகவும் கைகளைத் தனியாகவும் வார்ப்பார்கள். பலகை நிறையக் கிடக்கும் அந்தக் கைகளுக்கு நடுவே டம்ளரை வைத்துக்கொண்டு, சிரித்துப் பேசி டீ குடிப்பார்கள். வந்த புதிதில் நான் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். வெயிலால்தான் என்று பக்கத்தில் வேலை செய்யும் செல்வி மோர் வாங்கித் தந்தாள். கடலுக்கு அப்பால் ஊரில் இருந்து இந்தக் கடிதத்தைப் படிக்கும், குண்டு விழுந்த இடங்களைக் கண்ட உங்களுக்குக் காரணம் புரியும். இங்கே யாரிடமும் நான் சொல்லவில்லை.

வெள்ளைத் துணியை உயர்த்திப் பிடித்துச் சரணடையப் போன என் தம்பியை ஆமிக்காரன் மண்டியிடச் சொன்னான், திரும்பச் சொன்னான், முதுகில் சுட்டான். மூன்று வெடி. வாயெல்லாம் மண்ணாகத் துடித்துக் கிடந்தவனின் சட்டையைக் கழற்றிக் காயத்தில் வைத்து அமுக்கினேன். துவக்குப் பிடியால் என் தோளில் இடித்து என்னை இழுத்துப் போனார்கள். சட்டை மட்டும் என் கையோடு வந்தது.

அவன் சண்டையில் செத்தான் என்று அரசாங்கம் எழுதிவிட்டது. போர்க்குற்றச் சாட்சியங்களைச் சேர்த்துவைக்கும் வெளிநாட்டுக் குழு ஒன்று இப்போது அந்தச் சட்டையைக் கேட்டது. கழுவக் கூடாது, பிளாஸ்டிக் பையில் வைக்கக் கூடாது, தொட்டவர்கள் எல்லோருடைய பெயரும் படிவத்தில் வேண்டும் என்றார்கள். அது அவனுடையதுதான் என்று காட்ட அந்த இரத்தம் ஒன்றுதான் இருந்தது. வீட்டுக்கு வந்திருந்த செல்வியிடம் செத்துப்போன தம்பியின் சட்டை என்று மட்டும் சொல்லி, அதை நிழலில் விரித்துவிட்டு, காகித உறை வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது செல்வி குழாயடியில் குந்தியிருந்தாள். வாளித் தண்ணீர் பழுப்பாக இருந்தது. சூளையில் சுட்டுவிட்டால் போகாது என்று, கம்பெனியிலும் ஒரு சின்னக் கறையைக்கூடத் துடைக்காமல் பொம்மையை அனுப்பாதவள் அவள்.

"ஆரைக் கேட்டு இதைத் தொட்டனீ?"

"செத்துப்போன தம்பி சட்டைன்னு நீங்கதானக்கா சொன்னீங்க. செத்தவங்க துணிய ரத்தத்தோட வூட்டுல வெச்சிருக்கக் கூடாது. அலசி ஆத்துல வுட்டுடலாம்னு பாத்தேன்."

தண்ணீர் மொள்ளும் மக்கால் அவள் வாயில் அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன். எனக்குத் தெரிந்தது அந்த ஆமிக்காரனின் முகம். என் மேல் பிரியம் வைத்திருந்தவளின் உதட்டைக் கிழித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் ஓடவில்லை. ஈரச் சட்டையில் உதட்டு இரத்தம் சொட்டச் சொட்ட, ஓட்டைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"மூணும் முதுகுல இருக்குதேக்கா. திருப்பி வெச்சா சுட்டாங்க?"

இந்த ஊருக்கு வந்து முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"எம்பேர எழுதுங்க," என்றாள். "தொவச்சது நாந்தான். ஓட்டையப் பாத்ததும் நாந்தான். எங்க வேணா வந்து சொல்றேன்."

நடந்ததை அப்படியே எழுதும்படி அந்தக் குழுவின் சட்டத்தரணி போனில் சொன்னார். கழுவிய சட்டை சாட்சியமாக எடுபடுமா என்று அவருக்கும் தெரியவில்லை. செல்வியின் இரத்தத்தைக் கழுவத் தண்ணீர்வரை போன கையை நிறுத்திக்கொண்டு, சட்டையை உலர்த்தி உறையில் வைத்தேன். படிவத்தில் இரத்தம் யாருடையது என்று கேட்ட கட்டத்தில் தம்பியின் பெயரையும் எங்கள் ஊரையும் எழுதினேன். அதன் கீழே செல்வி, விருத்தாசலம் என்று எழுதினேன்.